சகிப்புக்கும் சகோதரிக்கும் நடுவே

"சகுனம்" என்ற சொல்லின் அட்டை அகராதிக்காரரின் மேசைக்கு வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவர் வீட்டு வாசல்கதவு கீலிலிருந்து தானாகக் கழன்று, மூன்று படி இறங்கி, தெருவைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது. பத்து நாற்பது வண்டியில் ஏறவும் பார்த்தது. இவ்வளவு பெரிய சாமானையெல்லாம் ஏற்ற முடியாது என்று நடத்துநர் சொல்லிவிட்டு விசிலடித்தார். கதவு சாயங்காலம் வரை அங்கேயே நின்றது. வெயில் கொளுத்திய நேரத்தில் இரண்டு பேர் அதன் நிழலில் ஒதுங்கி நின்று கதை பேசினார்கள். கடைசியில் இஸ்திரிக்காரரும் எதிர்வீட்டுத் தையற்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மாட்ட வந்த தச்சர், கீலில் ஒரு பழுதும் இல்லை என்றார். திருகாணிகள் எல்லாம் வாசற்படியில் பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. கோபித்துக்கொண்டு போன கதவு என்றால் இப்படி அடுக்கி வைத்துவிட்டுப் போகாது, யோசித்து முடிவெடுத்த கதவு என்று தையற்காரர் சொன்னார். அவர் எதையும் அளந்துதான் பேசுவார்.

அகராதி அலுவலகம் ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே யாராவது அலறினால் மேலே அந்த நிமிஷம் எழுதிக்கொண்டிருந்த சொல்லுக்குப் பொருள் கொஞ்சம் கடுமையாக விழும் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே எழுதாத ஒரு சொல்லும் அச்சுக்குப் போகாது. எழுதுவதற்கோ சட்டம் அதிகம். ஒவ்வொரு அட்டையிலும் சொல், அதன் பொருள், அதை வைத்து ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் எழுதுகிறவர் கற்பனையாக இருக்கக் கூடாது. அசல் மனிதர் ஒருவர் அசல் வாயால் சொன்னதாக, சொன்ன இடம், தேதி, மணியோடு இருக்க வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களிடம் நாங்கள் அதிகம் வாய் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். நாம் பாட்டுக்கு "தலை வலிக்குது" என்று சொல்வோம். அவர்கள் மணி பார்ப்பார்கள்.

"சகுனம்" அட்டைக்கு மட்டும் தலைமைப் பதிப்பாசிரியர் கூடுதலாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பின் நடந்தது. அவர் காதுக்குள் பென்சிலைச் செருகி யோசிக்கிற மனிதர். "வரப்போறதைக் காட்டுறதுன்னு பொருள் எழுதினா, வந்ததையும் காட்டணும்ல? இல்லாட்டி அது சகுனம் இல்லை, வெறும் சத்தம்" என்றாராம். அகராதிக்காரர் தலையாட்டினார். ஆட்டியிருக்கக் கூடாது. வேறொருவராக இருந்தால் பழைய அகராதியைப் பார்த்து நாலு வார்த்தையை மாற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இவர் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதிவிட்டு அது சரிதானா என்று அந்தச் சொல்லிடமே கேட்டுவிட்டு வருகிற ஆள்.

அன்று சாயங்காலம் கதவு மாட்டப்பட்டதும் அவர் முதல் குறிப்பை எழுதினார். நிகழ்வு: வாசல்கதவு பேருந்து நிறுத்தத்துக்குச் சென்றது. பின் நடந்தது என்ற இடத்தைக் காலியாக விட்டு, ஏழு நாள் காத்திருந்து, "ஒன்றுமில்லை" என்று நிரப்பினார். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் மனைவி ஒன்பது அங்குல உயரமுள்ள ஒரு பச்சைப் பெட்டியில் துணி அடுக்கித் தயாராக வைத்திருந்ததை அவர் குறிக்கவில்லை. அதைத்தான் அவர் தினமும் பார்க்கிறாரே.

மனைவியைத் தெருவில் எல்லோரும் கண்ணாடி அக்கா என்போம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உலகம் தெளிவாகத் தெரிவது அவர் கைவண்ணத்தால்தான். அடுத்தவர் வீட்டு ஜன்னல் தெரிவதும் அப்படித்தான், நன்றி. அக்காவுக்கு ஒரு தங்கை. கடலோர ஊர் ஒன்றில், மாடியில் ஓர் அறை உள்ள வீட்டில் தனியாக இருந்தார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாதாம். சகரத் தொகுதி அச்சேறியதும் இருவரும் அங்கே குடிபோய்விடுவது என்று அகராதிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அங்கேயே ஒரு கண்ணாடிக் கடை வைக்க வேண்டும், இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டை எழுத வேண்டும். "இன்னும் ரெண்டு மாசம்" என்று அவர் சொன்னது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள். பெட்டி அன்றே நிரம்பிவிட்டது.

ஒன்பது வருஷம் அது பிரிக்கப்படவில்லை. பிரிக்கவில்லை என்பதும் சரியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அக்கா இறுகிப்போன சட்டைகளை எடுத்துவிட்டுத் தளர்வான சட்டைகளை வைப்பார். அவ்வளவுதான்.

அந்த ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னால் பொழுது போதாது. மூன்றாம் மாதம் பச்சைப் பெட்டி தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, வாசல் பக்கமாகச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது. பெருக்குவதற்கு வசதியாக இருந்தது என்று அக்கா சொன்னார். ஜன்னல் திறந்திருந்த நாளில் அது நகர்ந்து நகர்ந்து வாசல்வரை வந்துவிட்டதால், ஒரு முழக் கயிற்றால் கட்டில் காலில் கட்டிப் போட்டார் அகராதிக்காரர். முதல் வருஷக் கடைசியில் சமையலறைக் குழாயில் வெள்ளிக்கிழமைகளில் உப்புத்தண்ணீர் வந்தது. குழாய் ரிப்பேர்காரர் வந்து, கழற்றி, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "பைப்புல கோளாறு இல்ல சார். இது கடல்" என்று சொல்லிவிட்டு, பக்கெட்டில் விழுந்திருந்த இரண்டு நண்டுகளைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கால் வீக்கம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே போய்க் காலை நனைத்து வருவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அக்காவின் செருப்பை ராத்திரி எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் காலையில் வாசலைப் பார்த்து நின்றது. கூடத்தில் தொங்கிய கல்யாணப் படத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து பெண் மாதத்துக்கு ஒரு நூல் அளவு நகர்ந்தாள். நாலாம் வருஷம் அவள் சட்டத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். ஏழாம் வருஷம் ஒரு முழங்கையும் சேலைத் தலைப்பும் மட்டும் தெரிந்தன. நாங்கள் எட்டிப் பார்க்கிறவர்கள் இல்லை. ஆனால் சர்க்கரை கேட்கப் போகிறபோது கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா போக முடியும்?

அகராதிக்காரர் எல்லாவற்றையும் எழுதினார். நிகழ்வு: பெட்டி மிதத்தல். பின் நடந்தது: ஒன்றுமில்லை. நிகழ்வு: குழாயில் நண்டு. பின் நடந்தது: ஒன்றுமில்லை. நிகழ்வு: புகைப்படத்தில் இடமாற்றம், அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் வரை. பின் நடந்தது: ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏழு நாள் கெடு. ஏழு நாளில் உலகத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று செய்தித்தாளில் தேடினார். எங்கோ பாலம் இடிந்ததா, யாராவது பெரிய மனிதர் படுத்துவிட்டாரா, வால்நட்சத்திரம் வந்ததா என்று பார்த்தார். இவ்வளவு பெரிய அறிகுறிகளுக்கு அவ்வளவு பெரிய காரியம் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. தன் வீட்டுக்குள் ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு காரியம் இருக்கும் என்று அவருக்குப் படவில்லை.

அவர் நேர்மையான மனிதர். அதுதான் எங்களுக்கு எரிச்சல். சோம்பேறியாக இருந்திருந்தால் அக்கா எப்போதோ கடல் பார்த்திருப்பார்.

எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. தெருவில் முதல் வருஷமே தெரியும். தையற்காரர் மூன்றாம் மாதமே, பெட்டி சாய்ந்த கோணத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஏன் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம். கேட்காமல் சொன்னால் மூக்கை நுழைக்கிறோம் என்று பேர் வரும். எங்களுக்கு ஏற்கெனவே அந்தப் பேர் கொஞ்சம் உண்டு. இருந்தாலும் ஐந்தாம் வருஷம் இஸ்திரிக்காரர் மனசு கேட்காமல், சட்டையைக் கொடுக்கும் சாக்கில் சொல்லிப் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா கிளம்பப் போறாங்கன்னு எனக்கே தெரியுதே சார்."

அகராதிக்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "அது உங்க ஊகம். சான்று வேணும். நடந்தப்புறம் வாங்க, குறிச்சுக்கிறேன்" என்றார். பிறகு, இஸ்திரிக்காரர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து ஆறுதலாக, "அதுவும் போக, நீங்க சொன்னதுல 'சகுனம்'ங்கிற சொல்லே இல்லையே" என்றும் சேர்த்தார். இஸ்திரிக்காரர் அந்த வாரம் அவர் சட்டைக் காலரை மட்டும் கருக்கிவிட்டார். தெரியாமல் பட்டுவிட்டது என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாக்கியமும் கிடைக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்து நாங்கள் "ஐயோ" என்றோம், "அடக் கடவுளே" என்றோம், "இந்தாளைத் திருத்தவே முடியாது" என்றோம்; அந்தச் சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அட்டையும் கடிகாரமுமாக வந்து நிற்பாரே என்கிற பயம். கண்ணாடி அக்காவோ இரண்டாம் வருஷமே அந்த வார்த்தையை வீட்டில் உச்சரிப்பதில்லை என்று முடிவு எடுத்துவிட்டார். ஒரு முறை குழாயடியில் அவர் வாயில் "ச" வரை வந்து, கணவர் மேசையிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்ததும், "சட்டி எங்க?" என்று முடித்தார்.

அலுவலகத்தில் இதற்குள் மற்றவர்கள் சகரத்தை முடித்துவிட்டார்கள். சகோதரி முதல் சௌகரியம் வரை எல்லாம் தயார். முன்னால் சகிப்பு தயார். சகிப்புக்கும் சகோதரிக்கும் நடுவே ஒரு வெள்ளை இடம். பக்க எண் போட்டாகிவிட்டதால் அந்த ஓட்டையோடு அச்சடிக்க முடியாது. அவருக்கு அடுத்த மேசைக்காரரின் கதை இன்னும் பாவம். அவருக்குக் கிடைத்தது ஞகரம். மொத்தம் ஒரு கைப்பிடிச் சொல். நாற்பது நாளில் முடித்துவிட்டு, அதே தொகுதியில் சேர்ந்து அச்சேற வேண்டும் என்பதால் ஒன்பது வருஷமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரை ஞகரம் என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே, உங்க சகுனம் முடிஞ்சாத்தான் என் ஞாயிறு உதிக்கும். மனசு வையுங்க. கெஞ்சிக் கேக்குறேன், ஒரு பொய் எழுதுங்க. ஒரே ஒரு பொய்" என்று மாதா மாதம் கேட்பாராம். அகராதிக்காரர் அந்த வாக்கியத்தையும் எழுதி வைத்தார். ஆனால் அதற்குப் பின் ஒன்றும் நடக்கவில்லை.

தங்கையிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மேல் ரூமுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, மறுபடி வெள்ளை அடித்தாகிவிட்டது. கடைத்தெருவில் ஒரு கடை காலியாகிறது, வருகிறாயா. கடையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். மறுபடி வெள்ளை அடிக்கவா, வேண்டாமா? அக்கா ஒவ்வொரு கடிதத்தையும் மேசையில் அவர் கண்ணுக்கு நேரே வைப்பார். அவர் படித்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம்மா" என்பார். பொய் சொல்கிறவர் இல்லை. ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொன்னார். எட்டாம் வருஷத்திலிருந்து அக்கா அதற்குப் பதில் சொல்வதை நிறுத்தினார். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது மட்டும் தேவைக்கு மேல் தேய்த்தார் என்று கடைக்காரர் சொன்னார். அந்த வருஷம் அவரிடம் கண்ணாடி வாங்கியவர்களுக்கு அடுத்த வாரம் நடக்கப்போவது லேசாகத் தெரிந்தது, மங்கலாகத்தான், ஓரத்தில். புகார் வந்ததும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை பெட்டியைக் கட்டியிருந்த கயிறு தானாக அவிழ்ந்து, மடிந்து, கட்டில்மேல் சுருளாகக் கிடந்தது. படத்தில் தலைப்பும் போய்விட்டது. அகராதிக்காரர் அளவுகோலோடு படத்துக்கு முன்னால் நின்று, அளப்பதற்கு எதுவும் இல்லாததை எப்படிக் குறிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அக்கா குளித்து, தலை வாரி, வெளியே போகிற சேலை கட்டி, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். அது மிதந்துகொண்டிருந்ததால் கனம் இல்லை. வாசலில் செருப்பு சரியான பக்கம் திரும்பித் தயாராக இருந்தது. நாங்கள் அந்த நேரம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தோம், தெரு முழுக்க, எல்லோரும், ஒரே சமயத்தில்.

"ஏங்க" என்றார் அக்கா. "இதுக்கு மேல எந்த சகுனமும் எனக்கு வேணாம். நான் கிளம்புறேன்."

சொல்லிவிட்டு நின்றார். படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். அவ்வளவு நேரம் ஒரு மனுஷி அப்படி நின்று நாங்கள் பார்த்ததில்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம். நானும் வர்றேன் என்று சொல்லியிருக்கலாம். குடை எடுத்துக்கோ என்றாவது சொல்லியிருக்கலாம்; எதிர்வீட்டிலிருந்து தையற்காரர் அந்த வார்த்தையை வாயசைத்துக் காட்டினார். அகராதிக்காரரின் முகம் ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக மலர்ந்தது. பைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.

"கொஞ்சம் இரு" என்றார். "இப்ப மணி என்ன?"

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு இருபது" என்றார். இன்னொரு காலையும் வெளியே எடுத்து வைத்தார். எட்டு முப்பத்தைந்து வண்டியில் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. கால் வீக்கக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். ஏழு நாள் கெடு முடிந்ததும் அகராதிக்காரர் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் கூடத்தில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் "ஒன்றுமில்லை" என்பதை அடித்துவிட்டு "கிளம்பினாள்" என்று எழுதினார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. முதல் ஐம்பது அட்டைவரை கையெழுத்து நன்றாக இருந்தது, பிறகு போகப் போகக் கோணலாகி, கடைசியாக எடுத்த, ஒன்பது வருஷத்துக்கு முந்தின கதவு அட்டையில் கோடு மாதிரிதான் இருந்தது என்று அவற்றைப் பார்த்த ஞகரம் சொன்னார். அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, போய் டீ வாங்கி வந்து கொடுத்தாராம்.

சகரத் தொகுதி ஏழு மாதத்தில் வெளிவந்தது. ஞகரம் தன் நான்கு பக்கங்களைத் தடவிப் பார்த்து அழுதார். சகுனத்துக்கு எதிரே, "வரப்போவதை முன்கூட்டிக் காட்டும் அறிகுறி, பெரும்பாலும் ஊருக்குத் தெரியும், உரியவருக்குத் தெரியாது" என்று அகராதிக்காரர் எழுதியிருந்தார். பின்பாதி அபிப்பிராயம் என்று தலைமைப் பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். கீழே எடுத்துக்காட்டாக அக்காவின் வாக்கியம், வாசற்படி, காலை 8.20. அகராதிக்காரர் ஒரு பிரதியைக் கடலோர ஊருக்கு அனுப்பினார். தங்கைதான் பதில் எழுதினார்: அக்கா படித்தாள். மணி சரியாகத்தான் இருக்கிறதாம்.

அடுத்த தொகுதியில் அவருக்கு ஒதுக்கப்பட்ட சொல் "தயக்கம்". அந்த அலுவலகத்தில் அட்டை பிரிக்கிறவருக்குக் குசும்பு அதிகம்.

இரண்டு வருஷம் அவர் அதை எழுதினார். அதற்கு வாக்கியம் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை, பொருள்தான் முடிவாகவில்லை. இரண்டாம் வருஷ நடுவில் அவர் செருப்பு காலையில் வாசலைப் பார்த்து நின்றது. அவர் திருப்பி வைத்தார். மறுநாளும் நின்றது, மறுபடி திருப்பி வைத்தார். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை நாற்காலியோடு ஒரு நூல் நகர்ந்தார், பெண் போன பக்கமாக. வெள்ளிக்கிழமை குழாயில் ஒரு சிப்பி விழுந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாளியை எடுத்தோம். இந்த முறை அவர் அட்டை எடுத்த மாதிரி தெரியவில்லை. எடுத்துப் பையிலேயே வைத்தாரோ என்னவோ, பைக்குள் எட்டிப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் வீட்டுக் கதவு மறுபடி கீலைக் கழற்றி, திருகாணிகளை அடுக்கி வைத்துவிட்டு, படி இறங்கி நிறுத்தத்துக்குப் போனது. அவர் பனியனோடு கூடத்திலிருந்து ஓடி வந்தார். செருப்பு திரும்பி நின்றதால் கால் தானாக அதற்குள் போய்விட்டது.

"சார், சட்டை!" என்று இஸ்திரிக்காரர் தேய்த்த சூட்டோடு ஒன்றை நீட்டினார். "அப்படியே கிளம்புறீங்களா?"

"கதவை எடுத்துட்டு வர்றேன், அவ்வளவுதான்" என்றார் அகராதிக்காரர், சட்டையை மாட்டிக்கொண்டே. காலரில் கருகல் எதுவும் இல்லை.

கதவின் பக்கத்தில் போய் நின்றார். அதன் தாழ்ப்பாளைப் பிடித்தார், இழுக்கவில்லை. எட்டு முப்பத்தைந்து வண்டி வந்தது. அதே நடத்துநர், தலை நரைத்துவிட்டது. கதவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேரா? சீக்கிரம் ஏறுங்க, ஆளுங்க காத்திருக்காங்க" என்றார். கதவு முதலில் ஏறியது.

அந்த வீடு இப்போதும் கதவில்லாமல்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போய்க் காலை நனைத்துக்கொள்கிறோம். கதவில்லாத வீட்டைப் பார்ப்பதை எட்டிப் பார்ப்பது என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் எங்கள் பேரும் கொஞ்சம் தேவலை. கூடத்துப் படத்தில் பின்னாலிருந்த திரைச்சீலை மட்டும் தெரிகிறது. அதன் பூ வேலைப்பாடு அழகு, முன்பெல்லாம் ஆள் மறைத்திருந்ததால் கவனிக்கவில்லை.

போன மாதம் தங்கை இஸ்திரிக்காரருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். மேல் ரூமுக்கு இப்போது இரண்டு கதவாம். இரண்டும் உள்ளே தாழ் போட்டிருக்கிறதாம். அகராதிக்காரர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து தயக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார், சாப்பாடு போகிறது, பேச்சு இல்லை. ஆனால் அக்காவின் செருப்பு, ராத்திரி எந்தப் பக்கம் விட்டாலும், காலையில் வராந்தாவைப் பார்த்து நிற்கிறது, இரண்டு வாரமாக. கடிதத்தின் கடைசி வரியை இஸ்திரிக்காரர் எங்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார்: "அவர்கிட்ட நாங்க யாரும் இதைச் சொல்லலை. சொன்னா மணி கேப்பார்."